ஒரே பக்கம், ஐந்து ஆசிரியர்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தன்வரலாற்று நூலிலிருந்து இருபத்தைந்து பக்கங்களைக் கொடுங்கள். அந்தப் பக்கங்களை ஆறு வாரங்களுக்குத் தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம் என்று ஐந்து ஆசிரியர்களும் சேர்ந்து நடத்த வழி செய்யுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும், என்ன செலவாகும் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

நாங்கள் பரிந்துரைக்கும் நூல் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 ஜனவரியிலிருந்து 1942 மே வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 122 அத்தியாயங்கள். எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது 84. 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்துவிட்டதால் நூல் பாதியில், 1890களின் இறுதியோடு நிற்கிறது. 1950இல் புத்தகமாக வந்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட நூல் என்பதால் வேண்டிய பக்கங்களைத் தயக்கமில்லாமல் ஜெராக்ஸ் எடுக்கலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவருக்கு ஒரு கட்டு போதும். இருபுறமும் அச்சிட்டால் ஒரு கட்டுக்கு 13 தாள், இருபது கட்டுக்கு 260 தாள். அரை ரீமுக்குச் சற்று மேல். அவ்வளவுதான் செலவு.

ஒரு நூலைப் பல பாடங்களுக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் பெரும்பாலும் ஒரே விதமாகத் தோற்கின்றன. தமிழாசிரியர் நூலை நடத்துவார். மற்றவர்கள் ஒப்புக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். கணக்கில் 'இந்தப் பக்கத்தில் எத்தனை சொற்கள், சராசரி என்ன?' என்று கேட்பார்கள். அறிவியலில் 'ஆசிரியர் காலத்துக் கண்டுபிடிப்புகள்' என்று ஒரு சார்ட் ஒட்டுவார்கள். பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், இது சும்மா என்று. ஆகவே ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தின் அறிவு இல்லாவிட்டால் நூலின் அந்த வரி முழுதாகப் புரியாது என்றால் மட்டுமே அந்தப் பாடத்துக்கு அங்கே இடம். வரி தானாகவே புரிகிறது என்றால் அந்தப் பாட ஆசிரியரை வற்புறுத்தாதீர்கள். ஓவியமும் உடற்கல்வியும் இதில் வராவிட்டால் குறையில்லை.

இன்னொன்று, நூலைப் பங்கு பிரிக்காதீர்கள். 'முதல் பத்துப் பக்கம் உனக்கு, அடுத்த பத்து எனக்கு' என்று கொடுத்தால் பழைய கதைதான். ஐந்து பேரும் அதே இருபத்தைந்து பக்கத்தைப் படிக்க வேண்டும்.

எந்தப் பக்கங்கள்? நான்கு இடங்கள் போதும். உத்தமதானபுரம் என்ற ஊர் உண்டான கதை. திண்ணைப் பள்ளிக்கூடப் படிப்பு. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாள். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போன இடம். 122 அத்தியாயங்களில் அழகான பகுதிகள் நிறைய உண்டு. தமிழாசிரியருக்கு எதையும் விட மனசு வராது. ஆனால் ஐம்பது பக்கம் கொடுத்தால் பிள்ளைகள் எதையும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள். இந்த வேலையே இரண்டாம், மூன்றாம் வாசிப்பில்தான் இருக்கிறது.

முதலியாரைச் சந்தித்த நாளிலிருந்து தொடங்குவோம். அந்தச் சந்திப்பு நடந்தது 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தான் படித்ததையெல்லாம் இளைஞர் அடுக்குகிறார். எதிரே இருப்பவர் அசையவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். அறுபது ஆண்டு கழித்து எழுதும் முதியவருக்கு அந்த நாளின் கிழமை எப்படித் தெரியும்? நினைவா, குறிப்பேடா? இது சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதுதான் கணக்கு ஆசிரியர் நுழையும் வாசல்.

1880 அக்டோபர் 21 முதல் 2000 அக்டோபர் 21 வரை 120 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டுக்கும் கிழமை ஒன்று நகரும், நடுவில் வரும் ஒவ்வொரு பிப்ரவரி 29க்கும் இன்னொன்று. 1884, 88, 92, 96 என்று நான்கு. 1904 முதல் 2000 வரை 25. மொத்தம் 29. 120ஐயும் 29ஐயும் கூட்டினால் 149. ஏழால் வகுத்தால் மீதி 2. 2000 அக்டோபர் 21 சனிக்கிழமை என்று பழைய நாட்காட்டியிலோ கைப்பேசியிலோ பார்த்துக்கொள்ளலாம். சனியிலிருந்து இரண்டு பின்னால் போனால் வியாழன். முதியவர் எழுதியது சரி. வகுப்பில் பாதிப் பேருக்குப் புதன்கிழமை வரும். 1900ஐ நெட்டாண்டு என்று எண்ணி 150 ஆக்கியிருப்பார்கள். நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் நெட்டாண்டு என்ற விதியை அப்போது சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது வெறும் விதி. தப்பு வந்த பிறகு சொன்னால் மறக்காது. விரைவாக முடிப்பவர்களுக்கு அவர் பிறந்த 1855 பிப்ரவரி 19 என்ன கிழமை என்று கொடுக்கலாம். விடை திங்கள்.

இங்கேயே சமூக அறிவியலுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 1880 அக்டோபர் தமிழ்க் கணக்கில் விக்கிரம ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1940 ஏப்ரலில், அதாவது இந்தத் தொடர் வந்துகொண்டிருந்தபோதே, மறுபடியும் விக்கிரம. பிறகு 2000. வெறும் 'விக்கிரம வருஷம்' என்று மட்டும் ஒரு கடிதத்தில் இருந்தால் அது எந்த நூற்றாண்டு என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? தாள், அச்சு, குறிப்பிடப்படும் ஆட்கள், ரயில் உண்டா இல்லையா என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்பதைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடப் பகுதியில் கணக்கு ஆசிரியருக்கு இன்னும் பெரிய விருந்து. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் கீழ்வாயிலக்கம் என்று பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். கால், அரைக்கால் நமக்குத் தெரியும். மாகாணி 1/16. மா 1/20. காணி 1/80. அரைக்காணி 1/160. முந்திரி 1/320. இதை அட்டவணையாகப் பலகையில் எழுதிவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: மாகாணிக்கு ஏன் அந்தப் பெயர்? பலர் மாவையும் காணியையும் பெருக்கி 1/1600 என்பார்கள். கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 4/80உம் 1/80உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. பெயரே கூட்டல் கணக்கு. அடுத்து, பாதி பாதியாகப் போகும் 1/16 வரிசையும், ஐந்தோடு சேரும் 1/20 வரிசையும் எங்கே சந்திக்கின்றன? 16க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. அங்கேதான் காணி நிற்கிறது. பொதுப் பகுதி காண்பது எதற்கு என்று ஆறாம் வகுப்பிலிருந்து தெரியாமலே செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு இது போதும்.

அதே மா, நிலத்திலும் வருகிறது. தஞ்சைப் பகுதியில் ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி. மா என்றால் இருபதில் ஒன்று என்பதால்தான் வேலியின் இருபதில் ஒரு பங்குக்கு அந்தப் பெயர். 12 அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி, ஒரு வேலி 2,88,000 சதுர அடி, அதாவது 6.61 ஏக்கர். ஊரிலோ 'மூணு மா ஒரு ஏக்கர்' என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு வேலி ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக, 6.67 ஏக்கர் வரும். வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிட்டால் சரியாக 2,400 சதுர அடி. சென்னையில் வீட்டுமனை வாங்குபவர் சொல்லும் ஒரு கிரவுண்டு. வாய்க்கணக்கில் ஒரு வேலிக்கு ஒரு மனை காணாமல் போகிறது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும். ஓர் எச்சரிக்கை: வட மாவட்டங்களில் காணி என்பது 1.32 ஏக்கர் கொண்ட தனி நில அளவு. அங்குள்ள பிள்ளை வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து 1/80ஐ மறுக்கும். அது தப்பில்லை, இரண்டும் வேறு என்று சொல்லிவிடுங்கள். கோலின் நீளமும் ஊருக்கு ஊர் மாறியது.

இப்போது ஓலை. இந்தத் திட்டத்தின் உயிர் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஏட்டில் எழுதியதை அச்சுக்குக் கொண்டுவர ஏன் ஒரு மனிதர் வாழ்நாளையே கொடுக்க வேண்டியிருந்தது? அச்சகத்தில் கொடுத்தால் போட்டுவிடுவார்களே என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ஓலையில் எழுதிப் பார்க்காமல் இது புரியாது. அறிவியல் ஆசிரியர் முதல் வாரமே தொடங்க வேண்டும், ஏனென்றால் ஓலை காய நாளாகும். அதிகம் முற்றாத பனையோலை பத்து எடுங்கள். நடு ஈர்க்கை நீக்கி, 3 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் நறுக்குங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு அரை மணி நேரம் வேகவையுங்கள். நான்கு நறுக்கை மட்டும் மஞ்சள் இல்லாத வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தனியே வையுங்கள், ஒப்பிட உதவும். பிறகு நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தி, கனமான புத்தகங்களின் அடியில் வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும், எழுதும்போது வெடிக்கும். ஈரம் இருக்கும்போதே எழுதினால் கீறல் பிசிறடித்து மை பரவிவிடும். பெரும்பாலும் கெடுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

எழுத்தாணிக்குப் பதில் காம்பஸ் முனை போதும். எழுதியதும் ஓலையில் ஒன்றும் தெரியாது. விளக்குச் சுடருக்கு மேல் ஒரு பழைய தட்டைப் பிடித்துக் கரியைச் சேகரித்து, அதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் குழைத்து ஓலைமேல் தடவி, உடனே துணியால் துடைக்க வேண்டும். கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். எண்ணெய் கூடினால் ஓலை முழுவதும் இழுகும். சுடர்வேலையை ஆசிரியரே செய்யட்டும். முழுமையாக எரியாத எண்ணெய்தான் கரியாகப் படிகிறது, கரிமம் வேறு பொருள்களோடு எளிதில் வினைபுரியாததால்தான் நூற்றாண்டு கழிந்தும் எழுத்து வெளுப்பதில்லை என்பதை அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம்.

எழுதும்போது கவனிக்கச் சொல்ல வேண்டியது புள்ளி. காம்பஸ் முனையால் 'க்' என்று புள்ளி குத்தினால் ஓலை துளைபடும், துளையிலிருந்து நார் போகும் திசையில் கிழியும். ஏட்டில் ஏன் புள்ளி வைக்கவில்லை என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, ஓலையே சொல்லிவிடும். உடனே தமிழாசிரியர் உள்ளே வர வேண்டும். ஏடுகளில் புள்ளி இல்லை, ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு வேறுபாடு இல்லை, எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கண்ணன் வந்தான்' என்பது 'கணணன வநதரன' என்று நிற்கும். 'எரி' என்று இருந்தால் நெருப்பா, ஏரியா? 'கொடு' என்றால் கொடுப்பதா, கோடா? 'பரவை' என்று எழுதியிருந்தால் கடலைக் குறிக்கும் பரவையா, பொம்மையான பாவையா? இப்படி ஆறு வரிகளைத் தயார் செய்து, சொற்களுக்கு இடையே இடம் விடாமல் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த குறளைக் கொடுக்காதீர்கள், நினைவிலிருந்து ஒப்பித்துவிடுவார்கள். தெரியாத செய்யுள் வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு ஆறு வரிக்கு ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக்கொள்ளும். இரண்டு குழுக்கள் ஒரே வரிக்கு வேறுவேறு பாடம், அதாவது வேறுவேறு வாசிப்பு, கொண்டு வந்தால் அவற்றை அடித்துத் திருத்தாமல் பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, எது பொருந்தும், ஏன் என்று வாதாட விடுங்கள். எதுகை ஒரு பாடத்தை ஆதரிக்கும், பொருள் இன்னொன்றை. யாப்பிலக்கணம் எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதுவரை ஏழாண்டுகள் அவர் செய்தது இந்த வேலையைத்தான்.

மீதமுள்ள ஓலைகளை நனைந்த மணல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். மஞ்சள் போட்டவை, போடாதவை, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவியவை என்று மூன்று வகை. வாரம் ஒருமுறை திறந்து பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். இராமபாணப் பூச்சி துளைத்திருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ஆறு வாரத்தில் அது வராது. பூஞ்சையைத்தான் எதிர்பார்க்கலாம். எந்த வகையில் முதலில், எத்தனை நாளில் வந்தது என்பதே முடிவு. மூன்றிலும் ஒன்றும் வராவிட்டால் அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். விரும்பிய விடையைச் செயற்கையாக வரவழைப்பது பெரிய கெடுதல்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பகுதியை இதற்குப் பிறகுதான் படிக்க வேண்டும். கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் துடிக்கும் இடம் அது. ஓலையைத் தொடாத பிள்ளை அதைப் படித்து 'முட்டாள்கள்' என்று தீர்ப்பு எழுதிவிடும். தொட்ட பிள்ளைக்குத் தெரியும், ஓலை எப்படியும் ஒருநாள் போகும். பழுதான ஏட்டைப் படி எடுத்துக்கொண்டு பழையதை ஆற்றிலோ தீயிலோ விடுவது வழக்கமாக இருந்தது. படி எடுப்பது நின்றுபோனது, விடுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு வழக்கத்தின் பாதி உதிர்ந்து மறுபாதி மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவாதிக்க சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள்.

அச்சுக்கு ஒரே ஒரு செயல்பாடு. ஒரு செய்தித்தாளின் அளவுள்ள வெள்ளைத் தாளை மூன்று முறை மடித்தால் 8 இதழ், 16 பக்கம். மடித்த நிலையிலேயே 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டுப் பிரித்தால் எண்கள் தலைகீழாகவும் குழம்பியும் கிடக்கும். முதுகு மடிப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களைக் கூட்டச் சொல்லுங்கள். 1உம் 16உம், 4உம் 13உம், எப்போதும் 17. இதுதான் அச்சகத்தார் சொல்லும் ஒரு பாரம். தடித்த தாளில் மூன்றாம் மடிப்பு கோணலாகும், மெல்லிய தாளே எடுங்கள்.

இனி, கொஞ்சம் கடினமான இடம். ஊர் உண்டான கதையில், ஏகாதசியன்று மறந்து வெற்றிலை போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், பரிகாரமாக 48 வீடுகளும் இரண்டு வீட்டுக்கு ஒன்றாக 24 கிணறுகளும் கட்டி அந்தணர்களுக்கு நிலத்தோடு தானம் செய்கிறார். பக்தியோடு வாசித்துவிட்டுப் போகக்கூடாது. அந்த நிலத்தை யார் உழுதார்கள்? கிணற்றை யார் வெட்டினார்கள்? யாருக்கு அதில் நீர் எடுக்க உரிமை இருந்தது? கதையில் பெயரில்லாதவர்கள் யார்? தஞ்சையின் கடைசி மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி இறந்ததும் நூலாசிரியர் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1855. இப்படித் தானம் கொடுக்கும் அரசே இல்லாமல் போனபின் ஒரு புலவர் எதை நம்பி வாழ்ந்தார் என்பதும் நல்ல கேள்வி. முதலில் மடத்தின் ஆதரவு, பிறகு 1880இல் அரசுக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளம். அந்த ஐம்பதை இன்றைய ரூபாய்க்கு மாற்றச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் இணையத்தில் ஏதோ ஒரு எண்ணைப் பிடித்து வருவார்கள். நூலுக்குள்ளேயே வரும் மற்றத் தொகைகளோடு ஒப்பிடுவதே சரி.

இதோடு பாமாவின் 'கருக்கு' (1992) நூலிலிருந்து நான்கைந்து பக்கம் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் இடம் போதும். ஒரு தன்வரலாறு ஒரு தெருவிலிருந்து எழுதப்படுகிறது. இன்னொரு தெருவிலிருந்து எழுதப்பட்டதையும் வைத்தால்தான் பிள்ளைகளுக்கு ஊர் முழுவதும் தெரியும். இந்த விவாதத்தில் யாருடைய சாதியையும் வகுப்பில் கேட்கக் கூடாது, யாரையும் 'உன் வீட்டில் எப்படி' என்று எழுப்பக் கூடாது. இதை ஆசிரியர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இதே நூலில் எதிர்ப்பக்கமும் உண்டு. சிந்தாமணி சமணக் காப்பியம். சைவச் சூழலில் வளர்ந்தவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

ஆங்கிலத்துக்கு இரண்டு பாடவேளை போதும். முதலியார் சந்திப்பிலிருந்து ஐந்து வாக்கியங்களை மொழிபெயர்த்துவிட்டு, கமில் சுவலபில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒப்பிடலாம். அந்தாதியையும் பிள்ளைத்தமிழையும் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று திணறுவதே பாடம்.

மொழிநடை பிள்ளைகளுக்குக் கடினம்தான். பிரயோசனம், ஸம்பாஷணை, உபகாரம் என்று வரும். எளிய தமிழில் மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள், அவர் குரலே போய்விடும். பக்க ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குப் பொருள் அச்சிட்டால் போதும். முதல் வாசிப்பைத் தமிழாசிரியர் உரக்கப் படிக்க வேண்டும். தொடராக வந்த நூல், காதுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

கால அட்டவணை: தமிழ் 6, கணக்கு 4, அறிவியல் 4, சமூக அறிவியல் 4, ஆங்கிலம் 2, ஆக 20 பாடவேளை. அவரவர் பாடவேளையிலிருந்தே எடுக்க வேண்டும், மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது. ஜூலை முதல் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடியும். மதிப்பெண்ணை அந்தந்தப் பாடத்தின் செயல்பாட்டு மதிப்பீட்டில் போடலாம். தனித் தேர்வு வேண்டாம். 'உ.வே.சா. பிறந்த ஆண்டு எது' என்று வினாத்தாள் வந்துவிட்டால் கையேடு விற்பனைக்கு வந்துவிடும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டே. ஜூனில் ஒரு சனிக்கிழமை அரை நாள், ஐந்து ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எல்லோரும் அந்த இருபத்தைந்து பக்கத்தையும் அங்கேயே, மௌனமாக, பென்சிலோடு படிக்கட்டும். தன் பாடம் இல்லாமல் புரியாத வரியின் கீழ் ஒவ்வொருவரும் கோடிடட்டும். அறிவியல் ஆசிரியர் ஒரு கோடும் போடவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள். இரண்டாவது, திட்டம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே ஓலை வெட்டித்தர ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர்கள் சிலர்